இருபது கிலோ அரிசியில் எவ்வளவு மாவு?

நான்கு பேர் உள்ள முன்னுரிமைக் குடும்ப அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி. ஆண்டுக்கு 240 கிலோ. 2006 ஜூனில் இதன் விலை கிலோ 3.50 ரூபாயிலிருந்து 2 ரூபாயாகக் குறைந்தது. 2008 செப்டம்பர் 15 முதல் 1 ரூபாய். 2011 ஜூன் 1 முதல் விலையில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தின் ரேஷன் கடைகளிலும் இதே கணக்குதான். இந்த 240 கிலோவில் சோறாகப் பொங்குவது எவ்வளவு, மாவாக அரைபடுவது எவ்வளவு என்று எந்தப் பதிவேட்டிலும் தனியாக எழுதுவதில்லை. அடுப்படி வழக்கத்தை வைத்துத்தான் அதைக் கணக்கிட முடியும்.

வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 1 கிலோ அரிசி, 200 கிராம் உளுந்து என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் காலையிலும் இரவிலும் இட்லி, தோசை என்று சாப்பிடும் வீட்டுக்கு இது அதிகமில்லை. ஆண்டுக்கு 104 முறை, 104 கிலோ அரிசி, 20.8 கிலோ உளுந்து. 240 கிலோவில் 104 கிலோ என்பது 43.3 சதவீதம். இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, முறுக்கு எதுவும் இதில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் ரேஷன் அரிசியில் பாதியை மாவு எட்டிப்பிடிக்கும். சோறு உண்ணும் ஊர் என்று சொல்கிறோம். அரிசிக் கணக்கில் பாதி ஊர் மாவில் நிற்கிறது.

பேரூர் அளவுக்கு இதைப் பெருக்கிப் பார்க்கலாம். கணக்குக்கு எளிதாக 10,000 பேர், 2,500 அட்டைகள் என்று கொண்டால் மாதம் 50 டன் அரிசி வரும். அதில் 43.3 சதவீதம் 21.7 டன். அத்தனையும் ஈரமாவாகும்போது தண்ணீரும் உளுந்தும் சேர்ந்து 65 டன் எடையாகும்.

தண்ணீரை நீக்கிப் பார்த்தால் அந்த மாவின் எடையில் உளுந்து 16.7 சதவீதம்தான், அதாவது 1.2 கிலோவில் 200 கிராம். புரதத்தில் அதன் பங்கு வேறு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் 7.94 கிராம் புரதம். 100 கிராம் உளுத்தம்பருப்பில் 23.06 கிராம். 1 கிலோ அரிசியில் 79.4 கிராம், 200 கிராம் உளுந்தில் 46.1 கிராம், மொத்தம் 125.5 கிராம். ஆறில் ஒரு பங்கு எடையுள்ள உளுந்து 36.7 சதவீதப் புரதத்தைத் தருகிறது. உளுந்தை 200 கிராமிலிருந்து 100 கிராமாகக் குறைத்தால் மொத்தப் புரதம் 102.5 கிராமாக இறங்கும். மாவின் எடை 8 சதவீதம் குறையும்போது புரதம் 18 சதவீதம் போய்விடுகிறது.

குறைக்கும் நெருக்கடி எங்கிருந்து வருகிறது? விலையிலிருந்து. சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007-இல் தொடங்கியது. துவரம்பருப்பு, பாமாயிலுடன் உளுந்தும் ரேஷனில் கிடைத்தது. கிலோ 30 ரூபாய். 2017-இல் உளுந்து நின்றது. துவரம்பருப்பும் பாமாயிலும் தொடர்கின்றன. இன்று கடையில் கிலோ 120 ரூபாய் என்று கொண்டால் 20.8 கிலோவுக்கு 2,496 ரூபாய். முழுவதும் 30 ரூபாய்க்கே கிடைத்திருந்தால் 624 ரூபாய். கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் நூறு நாள் வேலையின் 2025-26 தினக்கூலி 336 ரூபாய். பழைய விலையில் உளுந்துச் செலவு 1.9 நாள் கூலி. இன்றைய விலையில் 7.4 நாள் கூலி. அரிசி விலை பூஜ்யத்தில் நிற்பதால் இட்லி மாவின் செலவு முழுவதும் அந்த ஆறில் ஒரு பங்கின் தலையில் ஏறியிருக்கிறது. ரேஷனில் உளுந்தை நிறுத்தியது சிறிய மாற்றமாகப் பேசப்பட்டது. மாவுப் பானையின் பக்கம் நின்று பார்த்தால் அது சிறிதல்ல.

அரைக்கும் செலவு மிகக் குறைவு. மேசை கிரைண்டரின் மோட்டார் பொதுவாக 150 வாட். உளுந்தும் அரிசியும் அரைபட 50 நிமிடம் என்றால் 0.125 யூனிட். 104 முறைக்கு 13 யூனிட். 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட், ஆண்டுக்கு 600 யூனிட் இலவசம். அதில் 13 யூனிட் 2.2 சதவீதம். 2024 ஜூலையில் அறிவித்த 400 யூனிட் வரையிலான கட்டணமான 4.80 ரூபாயில் கணக்கிட்டாலும் ஒரு முறைக்கு 60 காசு.

இந்த 60 காசு மின்சாரம் எதை மாற்றியது என்பதை ஆட்டுக்கல்லில் கை வைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளி, இடையிடையே தண்ணீர் தெளித்து உளுந்து பொங்கும் வரை ஆட்ட வேண்டும். மாவு ஆட்டும் கிரைண்டரைக் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-இல் உருவாக்கினார். அரசு 1.85 கோடிக் குடும்பங்களை இலக்காக வைத்து விலையில்லா கிரைண்டர், மிக்சி, மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கிய நாள் 2011 செப்டம்பர் 15. நடுவில் 56 ஆண்டுகள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கீரமங்கலம் வட்டாரத்தில் தென்னையும் பலாவும் விழுந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. 0.125 யூனிட் கிடைக்காத அந்த நாள்களில் கிரைண்டரும் இல்லை, மாவு மில்லும் இல்லை. ஆட்டுக்கல்லைத் தோட்டத்தின் மூலையில் போட்டுவிட்ட வீடுகளில் அரிசி இருந்தது, மாவு இல்லை.

கிரைண்டர் ஓடும் நேரம் ஆண்டுக்கு 5,200 நிமிடம், 86.7 மணி. ஓடும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஊறவைப்பது, களைவது, வழிப்பது, கல்லைக் கழுவுவது, உப்புப் போட்டுக் கரைத்து வைப்பது எல்லாம் கைவேலை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் இவை 299, 97. ஐந்து ஆண்டில் பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கு 9 நிமிடம் குறைந்தது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடம் ஆனது.

இந்த நேரத்துக்குச் சந்தை வைக்கும் விலையைப் பாக்கெட் மாவில் பார்க்கலாம். 1.2 கிலோ உலர்ந்த பொருளுடன் ஏறத்தாழ 1.8 லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 3 கிலோ மாவு. 50 கிராம் அளவில் ஊற்றினால் 60 இட்லி. அதாவது 1 கிலோ பாக்கெட்டில் தானியமும் பருப்பும் 400 கிராம், தண்ணீர் 600 கிராம். பாக்கெட் 50 ரூபாய் என்று கொண்டால் உலர்ந்த பொருள் கிலோ 125 ரூபாய் ஆகிறது. கடையில் 45 ரூபாய்க்கு இட்லி அரிசியும் 120 ரூபாய்க்கு உளுந்தும் வாங்கி வீட்டில் அரைத்தால் அதே 1 கிலோ மாவுக்குப் பொருள் செலவு 23 ரூபாய். ரேஷன் அரிசி என்றால் 8 ரூபாய். மீதமுள்ள 27 ரூபாயோ 42 ரூபாயோ வேலைக்கும் பைக்கும் குளிர்பெட்டிக்கும் லாபத்துக்கும் போகிறது. விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போகும் பெண்கள் நிறைந்த கீரமங்கலத்தில் 27 ரூபாய் கொடுப்பதை வீண் செலவு என்று யாரும் சொல்ல முடியாது. இந்த மாவுக்கான ஜிஎஸ்டி 2017 நவம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது.

உலர்மாவின் கணக்கு வேறு. 1 கிலோ பச்சரிசி ஊறி, வடிந்து, நிழலில் ஈரம் ஆறும்போது எடை 1.25 கிலோ அளவில் நிற்கும். அதிரசத்துக்கும் கொழுக்கட்டைக்கும் அந்த ஈரத்தோடே அரைக்க வேண்டும். முழுக்கக் காய்ந்தால் மாவு பிடிக்காது. மாவு மில்லில் 5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் ஒரு மணி நேரம் ஓடினால் 3.73 யூனிட். அந்த நேரத்தில் 50 கிலோ அரைபட்டால் கிலோவுக்கு 0.075 யூனிட். மில்லின் துணிக்குழாயிலிருந்து மாவு சுடச்சுட விழும். தனக்கு முன்னால் அரைத்தவர் கேப்பை அரைத்திருந்தால் முதலில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, அந்தச் சாம்பல் நிற மாவைத் தனியே எடுத்துவிட்டுத்தான் தன் பாத்திரத்தை வைப்பார்கள். வீட்டுக்கு வந்து தாளில் பரப்பி ஆறவிட்டுச் சலித்தால் சல்லடையில் கப்பி நிற்கும். அதுவும் வீணாவதில்லை, கஞ்சிக்குப் போகும். வாசலில் கோலத்துக்கு நாளுக்கு 30 கிராம் அரிசிமாவு எடுத்தால் ஆண்டுக்கு 10.95 கிலோ. கல்மாவுக் கோலப்பொடி வந்தபின் அந்த 11 கிலோ பெரும்பாலான வீடுகளில் மிச்சம்; எறும்புக்குப் போன பங்கு நின்றுவிட்டது.

கோதுமை மாவு இந்த அடுப்படிக்குப் பிந்தி வந்தது. 1965-66-இல் நாட்டின் கோதுமை விளைச்சல் 104 லட்சம் டன். 1966-இல் இறக்குமதியான உணவு தானியம் ஏறத்தாழ 104 லட்சம் டன், அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. விளைந்ததும் கப்பலில் வந்ததும் ஒரே அளவு. 2024-25-இல் விளைச்சல் 1,179 லட்சம் டன், 11.3 மடங்கு. இதே காலத்தில் மக்கள்தொகை 50 கோடியிலிருந்து 145 கோடியாக, 2.9 மடங்குதான் பெருகியது. தலைக்கு விளையும் கோதுமை ஏறத்தாழ நான்கு மடங்கான பிறகுதான் அது விளையாத தெற்கிலும் தினசரி உணவாயிற்று.

ஆனால் ரேஷன் வழியே வரும் கோதுமை குறைவு. தமிழ்நாட்டுக்கு மத்தியத் தொகுப்பிலிருந்து மாதம் ஏறத்தாழ 8,500 டன் வந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபர் முதல் 17,100 டன். மாநிலத்தில் அரிசி அட்டைகள் 2.20 கோடி. சமமாகப் பங்கிட்டால் அட்டைக்கு 777 கிராம். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால் 26 சப்பாத்தி. நான்கு பேருக்கு ஆளுக்கு ஆறரை, ஒரு மாதத்துக்கு. விதிப்படி மாநகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் அரிசிக்குப் பதிலாக 10 கிலோ வரையும், கீரமங்கலம் போன்ற மற்ற இடங்களில் 5 கிலோ வரையும் கோதுமை வாங்கலாம். எல்லோருக்கும் 5 கிலோவே கொடுத்தாலும் 17,100 டன் 34.2 லட்சம் அட்டைகளோடு தீர்ந்துவிடும். அது 15.5 சதவீதம். ஒதுக்கீடு இரட்டிப்பான பிறகும் ஆறில் ஒரு அட்டைக்குக்கூடக் காணாது.

ஆகவே இங்கே கோதுமை பெரும்பாலும் கடைவழியே, மைதாவாகவும் ரவையாகவும் வருகிறது. ஆலையில் 100 கிலோ கோதுமைக்கு 72 முதல் 75 கிலோ அளவில் வெள்ளை மாவு எடுப்பார்கள். தவிடு மாட்டுக்குப் போகும். தவிட்டோடு போவது என்ன என்பதை அதே சத்து அட்டவணை காட்டுகிறது. 100 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து 11.36 கிராம், மைதாவில் 2.76 கிராம், இழப்பு 76 சதவீதம். இரும்புச்சத்து 4.10 மில்லிகிராம், மைதாவில் 1.77, இழப்பு 57 சதவீதம். புரதம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது: 10.57 கிராமும் 10.36 கிராமும். மைதாவில் எதுவும் இல்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இந்த எண்களுக்குப் பொருந்தாது. பச்சரிசியைவிட அதில் புரதமும் அதிகம், இரும்பும் அதிகம்.

1 கிலோ மைதாவில் 18 பரோட்டா என்று கொண்டால் ஒன்றுக்கு 55 கிராம். மூன்று பரோட்டாவில் 165 கிராம் மைதா, 581 கிலோகலோரி, 17 கிராம் புரதம், 4.6 கிராம் நார்ச்சத்து. கல்லில் ஊற்றும் எண்ணெய் இதற்கு மேல். அதே எடைக் கோதுமை மாவில் நார்ச்சத்து 18.7 கிராம். பகல் முழுக்கத் தோப்பில் சுமை தூக்கியவருக்கு 581 கிலோகலோரி தேவையான ஒன்றுதான். வாரத்தில் ஐந்து இரவும் அதுவே என்றால்தான் 4.6 என்ற எண் உறுத்தத் தொடங்குகிறது. பாக்கெட்டில் விற்கும் பரோட்டாவுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பெயரிட்ட பையில் வரும் அரிசிமாவுக்கும் கோதுமை மாவுக்கும் 25 கிலோ வரை 5 சதவீத வரி 2022 ஜூலை 18 முதல் இருக்கிறது.

குடும்பச் செலவில் இவை எங்கே நிற்கின்றன? அகில இந்திய அளவில் ஊரகக் குடும்பச் செலவில் தானியத்தின் பங்கு 1999-2000-இல் 22 சதவீதம்; 2011-12-இல் 10.7 சதவீதம், 2022-23-இல் 4.9 சதவீதம். கையில் அரைப்பதற்கான மூலப்பொருள் இவ்வளவு மலிந்த காலத்தில், பானமும் தயாரித்த உணவும் சேர்ந்த பங்கு 2011-12-இல் 7.9 சதவீதமாக இருந்தது 2022-23-இல் 9.6 சதவீதமாயிற்று. ஊரக இந்தியாவின் உணவுச் செலவை மட்டும் எடுத்தால் இது ஐந்தில் ஒரு பங்கு, 20.7 சதவீதம். தமிழ்நாட்டு ஊரகத்தில் ஏறத்தாழ 28 சதவீதம். மாநிலங்களிடையே முன்வரிசையில் உள்ள அளவு. தானியத்துக்குச் செலவிடாத பணத்தில் ஒரு பகுதி, யாரோ அரைத்ததற்கும் பிசைந்ததற்கும் போகிறது என்று கொள்ள இடமிருக்கிறது.

பிள்ளைகளின் கணக்கில் மாவும் ரவையும் அரசின் பொறுப்பு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகளுடன் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 26 விரிவாக்கத்துக்குப் பின் 20.59 லட்சம் பேர். ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். 20.59 லட்சத்தை 50 கிராமால் பெருக்கினால் பள்ளி நாள் ஒன்றுக்கு 103 டன். அங்கன்வாடியில் 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கு 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்த அளவு நாளுக்கு 500 கிலோகலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். அரிசிமாவால் மட்டும் 500 கிலோகலோரி கொடுக்க 140 கிராம் வேண்டும். அதில் புரதம் 11.1 கிராம், கீழ் வரம்பைக்கூடத் தொடாது. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைமாவு, வெல்லம் சேர்ந்த சத்துமாவு ஏன் கலவையாக இருக்கிறது என்பதற்கு இந்த 11.1 போதுமான விளக்கம்.

கேழ்வரகிலும் புரதம் 7.16 கிராம்தான், அரிசியைவிடக் குறைவு. அதன் எண் சுண்ணாம்புச் சத்தில் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம், பச்சரிசியில் 7.49 மில்லிகிராம். 48.6 மடங்கு. வளர்ந்தவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020 பரிந்துரை. 100 கிராம் கேப்பை மாவில் காய்ச்சிய கூழோ களியோ அதில் 36 சதவீதத்தைத் தருகிறது. அதே எடை அரிசிமாவு 0.75 சதவீதம். 1950களின் நடுவில் நாட்டில் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேழ்வரகுப் பரப்பு இன்று ஏறத்தாழ பாதி. நாவின் ருசி மாறியது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு தானியம் பூஜ்யம் ரூபாய்க்கும் இன்னொன்று சந்தை விலைக்கும் அருகருகே இருக்கும்போது ருசியின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது கடினம்.

அரசின் கணக்கிலோ அரிசி பூஜ்யம் அல்ல. 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சன்னரக நெல்லுக்கு ஊக்கத்தொகையுடன் குவிண்டால் 2,545 ரூபாய். 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ. நெல் விலை மட்டுமே அரிசி கிலோவுக்கு 37.43 ரூபாய். அரவையும் ஏற்றுகூலியும் தனி. அதே பருவத்தில் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 4,886 ரூபாய். முழுத் தானியமாக அரைபடுவதால் சேதாரம் சொற்பம், கிலோ 48.86 ரூபாய். வித்தியாசம் 11.43 ரூபாய். அந்த 11.43 ரூபாய்க்குக் கிடைக்கும் கூடுதல் சுண்ணாம்புச் சத்து 3,565 மில்லிகிராம்.

நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023 முதல் அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு, அரிசிக்குப் பதிலாக, ரேஷனில் கிடைக்கிறது. புதுக்கோட்டை அதில் இல்லை. சேர்த்தால் என்ன ஆகும்? 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 16,18,345. நான்கு பேருக்கு ஓர் அட்டை என்றால் 4.05 லட்சம் அட்டைகள். மாதம் 809 டன். ஆண்டுக்கு 9,710 டன். கிலோவுக்கு 11.43 ரூபாய் வீதம் கூடுதல் செலவு 11.1 கோடி ரூபாய். தலைக்கு ஆண்டுக்கு 68.58 ரூபாய்.

பயனையும் அளந்துதான் சொல்ல வேண்டும். 2 கிலோவில் 7,280 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து; நான்கு பேருக்கு 30 நாளில் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 61 மில்லிகிராம், தேவையில் 6 சதவீதம். 5 கிலோ கொடுத்தால் 15 சதவீதம். இரும்புக் கணக்கில் லாபம் இன்னும் குறைவு: 2023 ஏப்ரல் முதல் மாநிலம் முழுவதும் வழங்கப்படும் செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு சேர்க்க விதி. கேழ்வரகில் கிலோவுக்கு 46.2 மில்லிகிராம், அதையும் அதிலுள்ள பைட்டிக் அமிலம் உடலில் முழுதாகச் சேரவிடாது. ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அந்தத் தடை ஓரளவு குறையும். நம் வீடுகளில் குழந்தைக்கு அப்படித்தான் அரைத்தார்கள். 6 சதவீதம் சிறிய எண். ஆனால் இப்போது அந்த 2 கிலோ அரிசியிலிருந்து கிடைப்பது 0.12 சதவீதம்.

மாநிலம் முழுவதற்கும் 2 கிலோ என்றால் ஆண்டுக்கு 5.28 லட்சம் டன் வேண்டும். நாட்டின் மொத்தக் கேழ்வரகு விளைச்சலே ஏறத்தாழ 17 லட்சம் டன். அதில் 31 சதவீதத்தை ஒரே மாநிலம் கேட்க முடியாது. ஒரு மாவட்டத்துக்கான 9,710 டன் அப்படியல்ல. ஹெக்டேருக்கு 2 டன் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 4,855 ஹெக்டேர், 48.55 சதுர கிலோமீட்டர் போதும். புதுக்கோட்டை மாவட்டத்தின் பரப்பு 4,663 சதுர கிலோமீட்டர். அதில் இது 1.04 சதவீதம்.